வாட்ச்சைக் குளிப்பாட்டப் போய்...

போன பதிவுக்கும் இதற்கும் நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. செமஸ்டர் பரீட்சை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது பாதி உண்மைதான். மீதி உண்மை ஒரு வாட்ச்.

என் தாய்மாமா இருபது வருடத்துக்கு மேல் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதிவிட்டு ஊர் திரும்பியவர். வீடு, அக்கா தங்கை கல்யாணம், பிள்ளைகள் படிப்பு என்று எல்லாவற்றுக்கும் பணம் அனுப்பிய மனிதர். தனக்கென்று வாங்கிக்கொண்டது ஒரே ஒரு பொருள். ஸ்டீல் செயின் போட்ட ஒரு ஸ்விஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், நடந்ததில் கம்பெனிக்கு எந்தப் பங்கும் இல்லை. விலையை மட்டும் குறிப்பாகச் சொல்கிறேன்: என் மூன்று வருட பி.காம் ஃபீஸைக் கட்டிவிட்டு, மிச்சத்தில் ஒரு பைக்கும் வாங்கலாம்.

மகள் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள பீரோவிலிருந்து எடுத்தார். "மாப்ளே, செயின்லாம் கறுத்துக் கெடக்கு. நீதான் கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் பாக்குறியே, கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடு" என்றார். பக்கத்தில் அம்மாச்சி வெற்றிலை மடித்துக்கொண்டே, "இதுக்கு என்னத்த பாக்கணும்? புளியப் போட்டுத் தேச்சா பளபளன்னு ஆயிரும்" என்றது. நான் நவீன இளைஞன் இல்லையா? புளியை ஒதுக்கிவிட்டு வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு ஷாம்பு, பழைய டூத் பிரஷ் என்று ஆரம்பித்தேன். வாட்ச் பல மாதமாக நின்று கிடந்ததால் முதலில் சாவி கொடுத்து, நேரம் சரி செய்து, ஓட விட்டேன். அப்புறம்தான் கழுவினேன். செயின் இடுக்குகளிலிருந்து வந்த அழுக்கைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படர்ந்திருந்தது.

அழாத குறையாக பெரிய கடை வீதிப் பக்கம் ஒரு வாட்ச் ரிப்பேர் கடைக்கு ஓடினேன். பாய் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, கீயைத் தொட்டுப் பார்த்தார். (வாட்ச்சின் ஓரத்தில் இருக்கும் குமிழை நம்மூரில் கீ என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயரில் ஒரு சரித்திரம் இருக்கிறது, வருகிறேன்.) அது வெளியே தளர்ந்து நின்றது. நேரம் சரி செய்த பிறகு உள்ளே தள்ளியிருக்கிறேன், ஆனால் திருகி இறுக்கவில்லை. பாய் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "வெளிய நல்லாத்தான் கழுவியிருக்கீங்க தம்பி. உள்ளயும் சேத்துக் கழுவிட்டீங்க."

பின்மூடியைத் திறந்து, மெஷினை வெளியே எடுத்து, அவர் வேலையில் இறங்கினார். கடையில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தில் என் மண்டையில் குடைந்த கேள்வி இதுதான்: ஒரு வாட்ச்சைத் தண்ணீரில் கழுவலாம் என்ற தைரியம் மனிதனுக்கு எப்போது வந்தது? அதற்கப்புறம் ஒரு மாதம் நூலகத்திலும் நெட்டிலும் தேடியதுதான் இந்தக் கட்டுரை. காமர்ஸ்காரனுக்கு இது எதற்கு என்று வகுப்பில் கேட்பீர்கள். படியுங்கள், நடுவில் சுங்க வரி எல்லாம் வருகிறது.

முதலில் அந்தக் 'கீ'. நாம் இன்றைக்கும் வாட்ச்சுக்கு 'சாவி கொடுக்கிறோம்'. சாவி எங்கே இருக்கிறது? குமிழைத்தானே திருகுகிறோம்? ஆனால் ஒரு காலத்தில் நிஜமாகவே சாவி இருந்தது. சட்டைப்பையில் வைக்கும் பழைய கடிகாரங்களுக்குச் சின்னதாக ஒரு தனிச் சாவி உண்டு. தினமும் மூடியைத் திறந்து, துளையில் சாவியை விட்டு முறுக்க வேண்டும். துளை என்றால் தூசிக்கும் அதே துளைதான். அந்தத் தூசி உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்தால் என்ன ஆகும்? சாணை பிடிக்கும் கலவை ஆகிவிடும். சக்கரத்தின் அச்சு முனைகளை ராவித் தின்றுவிடும். அந்த எண்ணெய் எதிலிருந்து வந்தது தெரியுமா? 19ஆம் நூற்றாண்டில் நல்ல கடிகார எண்ணெய் என்றால் பார்ப்பாய்ஸ் என்ற, டால்ஃபினுக்கு உறவான கடல் விலங்கின் தாடையிலிருந்து எடுத்தது. அமெரிக்காவில் நியூ பெட்ஃபோர்ட் ஊர் வில்லியம் நை என்பவரின் கம்பெனி அதற்குப் பேர் போனது. அவ்வளவு பாடுபட்டு எடுத்த எண்ணெய் சாவித்துளை வழியாக வந்த தெருப் புழுதியில் கெட்டுப்போனது.

ஆட்ரியன் ஃபிலிப் என்ற பிரெஞ்சுக்காரர் 1845ல் சாவியே வேண்டாத முறைக்குக் காப்புரிமை வாங்கினார். குமிழைத் திருகினால் முறுக்கேறும், அதையே இழுத்துத் திருகினால் முள் நகரும். பின்னால் பாடெக் ஃபிலிப் என்று உலகப் புகழ் பெற்ற கம்பெனியின் இரண்டாம் பாதிப் பெயர் இவருடையதுதான். சாவித்துளை அடைபட்டது. ஆனால் குமிழின் தண்டு உள்ளே போக ஒரு துளை வேண்டுமே, அது புதிதாகத் திறந்துகொண்டது. மாமாவின் வாட்ச்சில் தண்ணீர் புகுந்ததும் அந்த வழியில்தான்.

சட்டைப்பைக்குள் கிடந்தவரை இது பெரிய பிரச்சினை இல்லை. கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியதும்தான் வினை ஆரம்பித்தது. முதல் உலகப் போருக்கு முன்னால் கைக்கடிகாரம் என்றால் பெரும்பாலும் பெண்கள் போடும் நகை. ஆண் கட்டினால் சிரிப்பார்கள். பதுங்கு குழியில் துப்பாக்கியோடு நிற்பவன் பையிலிருந்து கடிகாரம் எடுத்துப் பார்க்க முடியாது என்று ஆனதும், எல்லாரும் கையில் கட்டினார்கள். பதுங்கு குழி என்றாலே சேறும் மழையும். வியர்வை, கை கழுவும் தண்ணீர், சட்டை நூல், மாவு, மண் எல்லாம் கடிகாரத்தின் கூட்டாளிகள் ஆயின.

கூட்டை அடைக்கும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஜெனீவாவில் ஃபிரான்சுவா போர்ஜெல் என்பவர் 1891லேயே, ஜாடி மூடி மாதிரி மரை போட்டுத் திருகும் கூட்டுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அதற்கு முன் மூடிகள் கீலில் திறக்கும், அல்லது 'டிக்' என்று அழுத்தி மூடும். இரண்டிலும் இடைவெளி இருக்கும். போர்ஜெலின் கூட்டில் முன்னும் பின்னும் அடைந்துவிட்டது. தண்டுத் துளை? அது அப்படியே.

இங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார். ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப். 1881ல் ஜெர்மனியின் பவேரியாவில் குல்ம்பாக் என்ற ஊரில் பிறந்தவர், சின்ன வயதில் அப்பா அம்மா இருவரையும் இழந்தவர். கவனியுங்கள் மக்களே, இவர் வாட்ச் மெக்கானிக் இல்லை. ஸ்விட்சர்லாந்தில் ஒரு கடிகார ஏற்றுமதி நிறுவனத்தில் கடிதப் போக்குவரத்து பார்த்தவர். சுருக்கமாகச் சொன்னால் நம்ம டிபார்ட்மெண்ட்! 1905ல் லண்டனில் மைத்துனர் ஆல்ஃபிரட் டேவிஸுடன் கூட்டு சேர்ந்து கடை போட்டார். மெஷின் ஸ்விட்சர்லாந்தின் பியன் நகரிலிருந்து வரும். 1908ல் ரோலெக்ஸ் என்ற பெயரைப் பதிவு செய்தார். 1914ல் லண்டன் அருகே உள்ள கியூ ஆய்வுக்கூடம் இவருடைய ஒரு கைக்கடிகாரத்துக்கு முதல் தரச் சான்றிதழ் கொடுத்தது. அதுவரை அப்படிப்பட்ட சான்றிதழ்கள் கப்பல் கடிகாரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. அடுத்த வருடமே வந்தது அடி. 1915ல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் மெக்கென்னா போர்ச் செலவுக்காக கார், கடிகாரம் போன்ற ஆடம்பர இறக்குமதிகள் மீது 33⅓ சதவீத வரி போட்டார். வாங்கி விற்பவனுக்கு மூன்றில் ஒரு பங்கு வரி என்றால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? போர் முடிந்ததும் வில்ஸ்டார்ஃப் கம்பெனியை ஜெனீவாவுக்கு மாற்றிக்கொண்டார். இன்று உலகமே ஸ்விஸ் வாட்ச் என்று கொண்டாடும் பெயர் லண்டனில் பிறந்து, வரிக்குப் பயந்து ஸ்விட்சர்லாந்து போனது.

கடிகாரம் துல்லியமாக ஓடுவதை நிரூபித்தாகிவிட்டது. ஆனால் தூசி புகுந்தால் அந்தச் சான்றிதழ் வெறும் காகிதம். 1920களின் தொடக்கத்தில் அவர் முதலில் எடுத்த வழி கொஞ்சம் வேடிக்கையானது: வாட்ச்சை இன்னொரு டப்பாவுக்குள் வைப்பது. வெளிக்கூட்டின் மூடியைத் திருகி இறுக்கிவிட்டால் தண்ணீர் போகாது. ஆனால் தினமும் சாவி கொடுக்க, தினமும் டப்பாவைத் திறக்க வேண்டும். தினமும் திருகினால் மரை தேயும், மரை தேய்ந்தால் தண்ணீர் போகும். திறக்க வேண்டிய அவசியம் இருக்கும்வரை அடைப்பு அடைப்பே இல்லை என்ற இடத்தில் எல்லாரும் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

தீர்வு ரோலெக்ஸில் பிறக்கவில்லை. லா ஷோ டி ஃபோன் ஊரில் பெரெகோ, பெரே என்ற இரண்டு பேர் 1925ல் ஒரு காப்புரிமைக்கு மனுப் போட்டார்கள். குமிழுக்கே மரை. முறுக்கி முடித்ததும் குமிழைத் தள்ளித் திருகினால், கூட்டில் இருக்கும் குழாயோடு அது இறுகிவிடும். தண்ணீர்க் குழாயை மூடி போட்டு அடைப்பது மாதிரிதான். வில்ஸ்டார்ஃப் அந்த உரிமையை விலைக்கு வாங்கினார். முன்னால் மரை, பின்னால் மரை, குமிழிலும் மரை. மூன்றும் சேர்ந்து 1926ல் 'ஆய்ஸ்டர்' என்ற பெயரில் வந்தது. சிப்பி என்று அர்த்தம். கண்டுபிடித்த இருவர் பெயரும் அவ்வளவாக யாருக்கும் தெரியாது, வாங்கியவர் பெயர் உலகத்துக்கே தெரியும். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்து வருவது மார்க்கெட்டிங் பேப்பரில் கேஸ் ஸ்டடியாக வைக்க வேண்டிய விஷயம். லண்டனில் டைப்பிஸ்டாக வேலை பார்த்த மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற இளம்பெண் 1927 அக்டோபர் 7 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதைச் செய்த முதல் பிரிட்டிஷ் பெண் அவர். எட்டாவது முயற்சி. நாலே நாளில் டோரதி லோகன் என்ற டாக்டரம்மா தானும் கடந்துவிட்டதாக, அதுவும் இன்னும் குறைந்த நேரத்தில் கடந்ததாக அறிவித்தார். பிறகு அது பொய் என்று அவரே ஒப்புக்கொண்டு அபராதமும் கட்டினார். பொய் சொன்னவரால் உண்மை சொன்னவர் மீதும் சந்தேகம் விழுந்தது. பாவம் கிளைட்ஸ், மறுபடி நீந்திக் காட்டுகிறேன் என்று அக்டோபர் 21ல் இறங்கினார். வில்ஸ்டார்ஃப் சும்மா இருப்பாரா? ஒரு ஆய்ஸ்டரைக் கொடுத்தனுப்பினார். கிளைட்ஸ் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நீந்தினார். அன்றைக்குக் கடல் உறைகிற குளிர். பத்து மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தும் கரை சேர முடியவில்லை, படகில் தூக்கிப் போட்டார்கள். ஆனால் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 24 அன்று டெய்லி மெயில் பத்திரிகையின் முதல் பக்கத்தையே விலைக்கு வாங்கி வில்ஸ்டார்ஃப் விளம்பரம் போட்டார். நீந்தியவர் கரை சேரவில்லை என்பது பெரிதாகப் பேசப்படவில்லை. கடை ஜன்னல்களில் மீன் தொட்டி வைத்து, தண்ணீருக்குள் வாட்ச்சை ஓட விட்டார்கள். பக்கத்தில் மீன் நீந்தும், வாட்ச் ஓடும். வாட்ச்சைத் தண்ணீரில் போடலாம் என்ற எண்ணம் பொதுஜனத்தின் மனதில் விழுந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். நான் ஷாம்பு எடுத்ததற்கு வேர் 1927ல் இருக்கிறது!

இவருக்கு முன்பே, குமிழையே ஒழித்துவிட்டால் என்ன என்று ஒருவர் யோசித்திருந்தார். ஜான் ஹார்வுட், ஆங்கிலேய வாட்ச் மெக்கானிக். போரில் இருந்தவர். ரிப்பேருக்கு வரும் வாட்ச்சுகளைத் திறந்து திறந்து பார்த்து, கெடுதல் எல்லாம் தண்டுத் துளை வழியாகத்தான் வருகிறது என்று கண்டுகொண்டார். கை அசைவிலேயே தானாக முறுக்கேறும் வாட்ச் ஒன்றைச் செய்தார். உள்ளே ஒரு எடை இப்படியும் அப்படியும் ஆடும். நேரம் மாற்ற கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருக வேண்டும். குமிழே கிடையாது. 1924ல் ஸ்விஸ் காப்புரிமை கிடைத்தது. பொருளாதாரப் பெருமந்தம் வந்து 1931ல் அவர் கம்பெனி மூழ்கியது. அதே 1931ல் ரோலெக்ஸ் முழு வட்டமாகச் சுழலும் எடை வைத்த ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்தது. தினமும் சாவி கொடுக்க வேண்டாம் என்பதால் குமிழைத் தினமும் திறக்கவும் வேண்டாம். ஆட்டோமேட்டிக் என்பது சோம்பேறிகளுக்காக வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தூசிக்குப் பயந்து வந்தது!

ஆனாலும் குமிழ் ஒழியவில்லை. கையில் போடாமல் பீரோவில் வைத்தால் ஆட்டோமேட்டிக் நின்றுவிடும். அப்போது திறந்துதான் ஆக வேண்டும். திறந்தவன் மூட மறக்கலாம்.

இதையும் ஒருவர் யோசித்திருக்கிறார். 1950களில் பிளாங்பான் கம்பெனியை நடத்திய ஃபீக்டர் என்பவர் தானே கடலுக்குள் மூழ்குபவர். ஒருமுறை ஆழத்தில் நேரம் போனது தெரியாமல் சிலிண்டரில் காற்று தீர்ந்து, உயிர் தப்பி மேலே வந்தார். அதிலிருந்து பிறந்த யோசனைதான் 1953ல் வந்த ஃபிஃப்டி ஃபாதம்ஸ். அதன் குமிழில் இரட்டை ரப்பர் வளையம். கடலுக்கடியில் தவறிப்போய் குமிழ் இழுபட்டாலும் இன்னொரு வளையம் தண்ணீரைத் தடுக்கும். என்னைப் போன்றவர்களுக்காகவே செய்த மாதிரி இருக்கிறது. மாமாவின் வாட்ச்சில் அந்த வசதி இல்லை, அல்லது இருந்த ரப்பர் வயதாகிச் செத்துவிட்டது. பாய் இரண்டாவதுதான் காரணம் என்கிறார். எடுத்துக் காட்டினார். ரப்பர் மாதிரியே இல்லை, காய்ந்த புளியங்கொட்டைத் தோல் மாதிரி விறைத்து, தொட்டதும் இரண்டாக உடைந்தது.

அந்த ரப்பர் வளையத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. அதற்கு முன்னால் குமிழுக்குள் கார்க் வைத்து அடைத்தார்கள். 1930களின் வாட்ச்சுகள் பலவற்றில் கார்க்தான். நீல்ஸ் கிறிஸ்டென்சென் என்ற டென்மார்க்காரர் அமெரிக்கா போய், வண்டி பிரேக் வேலையில் மண்டையை உடைத்துக்கொண்டபோது ஒரு சின்ன ரப்பர் வளையத்தைப் பள்ளத்தில் உட்காரவைத்தால் எண்ணெய் ஒழுகாது என்று கண்டுபிடித்து 1937ல் காப்புரிமைக்கு மனுப் போட்டார். போர்க்காலத்தில் அமெரிக்க அரசு அந்த உரிமையை வாங்கி எல்லாரும் செய்யலாம் என்று திறந்துவிட்டது. விமான பிரேக்கிலிருந்து வாட்ச்சுக்கு வந்துவிட்டது. ஆனால் ரப்பருக்கு ஆயுள் உண்டு. கொதிக்கும் தண்ணீர், வியர்வை, சோப்பு, வெறும் வயது எல்லாம் அதைக் கொல்லும். அமெரிக்காவில் 1960களின் இறுதியில் 'வாட்டர் புரூஃப்' என்ற சொல்லை விற்பனையில் பயன்படுத்தக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது. அதற்கப்புறம்தான் 'வாட்டர் ரெஸிஸ்டன்ட்'. தண்ணீரை எதிர்க்கும், ஆனால் கடைசிவரை ஜெயிக்கும் என்று உத்தரவாதம் இல்லை. இந்த வித்தியாசத்தை நான் ஒரு மாதம் முன்னால் படித்திருக்க வேண்டும்.

சரி, செயினுக்கு வருவோம். மாமா கேட்டது அதைத்தானே.

போர்க்காலத்துக் கைக்கடிகாரங்களுக்குத் தோல் வார்தான். வெயில் நாடுகளில் தோல் வியர்வையில் ஊறி நாறி அழுகிவிடும். 1930களில் பிரிட்டனில் போன்கிளிப் என்ற உலோகப் பட்டை வந்தது. மூங்கில் தட்டி மாதிரி குறுக்குச் சட்டங்கள் கோத்தது, கை எந்த அளவாக இருந்தாலும் மாட்டலாம். ஜெனீவாவில் கே ஃப்ரேர் என்ற பழைய சங்கிலிக் கம்பெனி, பாக்கெட் வாட்ச்சுக்குச் சங்கிலி செய்துகொண்டிருந்தது, மணிக்கட்டுச் செயினுக்கு மாறியது. ரோலெக்ஸின் ஐந்து கண்ணி ஜூபிலி செயின் 1945ல் வந்தது. அந்தக் காலத்துச் செயின்கள் நிறைய, மெல்லிய தகட்டை மடித்துச் செய்தவை. உள்ளே பொந்து. பொந்து என்றால் அழுக்குக்கு வாடகை இல்லாத வீடு.

பழைய செயின்கள் தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 'நீண்டுவிட்டது' என்கிறார்கள். ஸ்டீல் நீளவில்லை. கண்ணிகளைக் கோத்திருக்கும் ஊசி போன்ற பின்களும் அவை உட்காரும் துளைகளும் தேய்ந்துவிட்டன. தேய்த்தது யார்? நம் தோலிலிருந்து உதிர்ந்ததும், வியர்வையும், தெருத் தூசியும் குழைந்த அந்தக் கறுப்பு மசி. நாம் கை அசைக்கும்போதெல்லாம் அது உப்புத்தாள் மாதிரி உள்ளே ராவுகிறது. சாவித்துளைக் காலத்தில் எண்ணெயோடு சேர்ந்து அச்சை ராவிய அதே தூசிதான். மெஷினுக்குள் நுழைய வழியில்லாமல் செயினில் குடியேறிவிட்டது. ஆகவே செயினைக் கழுவுவது பளபளப்புக்கான விஷயம் இல்லை. கழுவாமல் விட்டால் செயின் செத்துவிடும்.

இப்போது அம்மாச்சியின் புளிக்குப் பதில் சொல்ல வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பித்தளைச் சொம்பில் களிம்பு ஏறும். புளியில் இருக்கும் அமிலம் அந்தக் களிம்பைக் கரைத்துவிடும், உள்ளே இருக்கும் புதுப் பித்தளை தெரியும். அம்மாச்சி சொன்னது சரி, பித்தளைக்கு. பழைய மலிவு வாட்ச்சுக் கூடுகளும் நிக்கல் முலாம் பூசிய பித்தளைதான், வியர்வையில் முலாம் போய்ப் பச்சை பிடிக்கும். ஆனால் துருப்பிடிக்காத எஃகு வேறு ஜாதி. 1913ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்க்கு எஃகு தேடும்போது, குரோமியம் சேர்த்த ஒரு வகை துருவே பிடிக்காமல் கிடந்ததைக் கவனித்தார். 1920களில் அதே ஷெஃபீல்டிலிருந்து, 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த ஸ்டேபிரைட் என்ற எஃகு வந்தது. 1930களின் வாட்ச்சுக் கூடுகள் பலவற்றில் அந்தப் பெயரையே பொறித்திருப்பார்கள்.

இந்த எஃகின் சூட்சுமம் என்னவென்றால், அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குரோமியம் ஆக்ஸைடு படலம் இருக்கிறது. கீறினால் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துத் தானே மறுபடி போர்த்திக்கொள்ளும். பித்தளைக்கு எது அழுக்கோ, அதே ஜாதிப் பொருள் எஃகுக்குச் சட்டை. புளி அந்தச் சட்டையை ஒன்றும் செய்துவிடாது, ஆனால் அதற்கு அங்கே வேலையும் இல்லை. புளியோடு உப்பைச் சேர்த்துத் தேய்ப்பதுதான் ஆபத்து. உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். வியர்வையிலும் கடல் நீரிலும் அதே உப்புத்தான். கண்ணி இடுக்கில் அழுக்கு அடைந்து காற்றே போகாவிட்டால் படலம் மறுபடி முளைக்காது. அங்கேதான் குண்டூசித் தலை அளவுக்குக் குழி விழும். இதற்காகத்தான் மாலிப்டினம் சேர்த்த 316 எல் என்ற எஃகு வாட்ச்சுகளில் வழக்கமானது. ரோலெக்ஸ் 1985லிருந்து 904 எல் என்ற இன்னும் கடுமையான எஃகுக்கு மாற ஆரம்பித்தது. கூட்டின் மரைகளுக்குப் பக்கத்தில் விழும் இந்தக் குழிகள் நீர்த்தடுப்பையே கெடுப்பவை.

எஃகு எப்படி ஆடம்பரம் ஆனது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1969 கடைசியில் ஜப்பானின் செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பதினைந்து வருடத்தில் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த ஸ்விஸ் கடிகாரத் தொழில் 30,000 பேருக்குச் சுருங்கியது. அந்தக் காலத்தில், 1972ல், ஓடெமார் பிகே கம்பெனி ஜெரால்ட் ஜென்டா வரைந்த ராயல் ஓக் என்ற ஸ்டீல் வாட்ச்சை 3,300 ஃபிராங்குக்கு வைத்தது. தங்க வாட்ச்சுகள் பலவற்றைவிட அதிகம். காசு எதற்கு? அந்தச் செயினுக்கு. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பக்கம் மெல்லிய கோடுகள் இழுத்த மங்கல், விளிம்பில் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. விலையே அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில்தான் இருக்கிறது. பல்பொடியோ பேஸ்டோ சபீனாவோ போட்டுத் தேய்த்தால் அந்தக் கோடுகள் அழிந்து எல்லாம் ஒரே அரைகுறைப் பளபளப்பாகிவிடும். பல பேர் 'டூத்பேஸ்ட் போடு' என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

இவ்வளவும் படித்தபின் நான் இப்போது கழுவும் விதம் இது. முதலில் கீ. திருகும் வகை என்றால் திருகி இறுக்கியிருக்கிறதா என்று விரலால் பார்ப்பது. பிறகு பின்மூடியில் தண்ணீர் பற்றி என்ன எழுதியிருக்கிறது, ரப்பர் மாற்றி எத்தனை வருடம் ஆனது என்று பார்ப்பது. சந்தேகம் இருந்தாலோ, தாத்தா காலத்து வாட்ச் என்றாலோ, தண்ணீர்ப் பக்கமே போகாமல் லேசாக ஈரம் காட்டிய துணியால் துடைப்பது. செயினைத் தனியாகக் கழற்ற முடிந்தால் அதுதான் உத்தமம், செயினை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் ஊறப்போடலாம். தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது. சூடான தண்ணீரில் வைத்துவிட்டுச் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் காட்டினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியே இருப்பதை இழுக்கும். மென்மையான பிரஷ், கொஞ்சம் சோப்பு, கண்ணிகளை மடக்கி மடக்கி இடுக்கைத் தேய்ப்பது, நல்ல தண்ணீரில் அலசுவது, துணியில் ஒற்றி நிழலில் உலர்த்துவது. அவ்வளவுதான். பின்மூடியைத் திறப்பது பாய் வேலை. அதிலும் 1960க்கு முந்தைய, இருட்டில் ஒளிரும் முள் உள்ள வாட்ச் என்றால் கட்டாயம் வீட்டில் திறக்காதீர்கள், அதில் ரேடியம் இருக்கலாம். அமெரிக்காவில் அந்த மையைப் பூசி, பிரஷ் நுனியை நாக்கில் கூர்தீட்டிய பெண்கள் தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். அது தனிப் பதிவு போட வேண்டிய சோகம், ஒருநாள் எழுதுகிறேன்.

மாமாவின் வாட்ச் பிழைத்துக்கொண்டது. நல்ல வேளையாக அன்றைக்கே கொண்டுபோனதால் துரு ஏறவில்லை. மெஷினைக் கழற்றிக் கழுவி, எண்ணெய் விட்டு, மூன்று ரப்பர் வளையமும் புதிதாக மாற்றிக் கொடுத்தார் பாய். அதற்கான பணம் என் டியூஷன் காசு. இதை ரிப்பேர் செலவு என்று எழுதுவதா, ஆயுள் கூடியதால் மூலதனச் செலவு என்று எழுதுவதா என்று வகுப்பில் யாராவது சொல்லுங்கள்.

கல்யாணத்தன்று மாமா பட்டு வேட்டியில் அதைக் கட்டிக்கொண்டு வந்தார். தாரை வார்க்கும்போது சொம்பிலிருந்த தண்ணீர் அவர் மணிக்கட்டு வழியாக வாட்ச் மேலேயே வழிந்தது. பந்தலில் எல்லாரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்தன் மட்டும் மாமாவின் கீயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் மாமா என் தோளில் தட்டி, "புதுசு மாதிரி ஆக்கிட்டே மாப்ளே, அப்டி என்ன போட்டுக் கழுவுன?" என்று கேட்டார். ஷாம்பு என்று சொல்லிவிட்டு, பாயசம் வாங்கப் போய்விட்டேன்.